ஜெயசுந்தரி டீச்சர் எடுத்த மூன்று நகல்கள்

1943ஆம் வருஷம் ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு அன்னக்கிளி வந்து கேட்டபோது, ஜெயசுந்தரி யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். அதன்பின் பல மாதங்கள் அந்தச் சரியை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜெயசுந்தரிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. செகந்திராபாத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பட்டாளத்துக் குமாஸ்தாவாக வந்து, ஊரை ஒட்டிய திருமுல்கேரியில் தங்கிவிட்டவர். கணவர் ஸ்டான்லிக்குத் தந்தி ஆபீசில் வேலை. பிள்ளைகள் இல்லை. எழுத்தில் எதுவும் தெளிவில்லாமல் இருந்தால் அவளுக்குத் தாங்காது. கிறிஸ்தவச் சபைக் கோயிலின் அறிவிப்புப் பலகையில் 'மாலைக் கூட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தால், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சாக்பீசால் கீழே கேள்வி எழுதிவிட்டுத்தான் நகர்வாள்.

அன்னக்கிளி லாலாகுடா ரயில்வே காலனிக்காரி. விழுப்புரத்துப் பக்கம் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அவள் புருஷன் அய்யாக்கண்ணு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவர்களுடைய மகள் ஜெயசுந்தரியின் வகுப்பில் படித்தாள். அன்னக்கிளி கேட்டது இதுதான்: கிறிஸ்துமஸுக்குக் கோயில் மண்டபத்தில் போட்ட நாடகத்தை எழுதித் தர வேண்டும். காலனிப் பெண்கள் படிக்க ஆசைப்படுகிறார்கள்.

அந்த நாடகத்தின் பெயர் 'இரண்டு அடுப்பு'. எழுதியவர் ஸ்டான்லியின் அண்ணன் சிலாஸ். பட்டாளத்து ஸ்டோர்சில் தலைமைக் குமாஸ்தா. பதினைந்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் நாடகம் அவருடையதுதான். ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகள் இரண்டு பேர். மூத்தவள் மார்த்தாள் வாய்க்காரி, சின்னவள் எஸ்தர் பயந்தவள். சண்டை முற்றி, நடுவே தட்டி வைத்து, தனித்தனியாக உலை வைக்கிறார்கள். கடைசியில் ஒரு மழைநாளில், காய்ச்சலில் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வைக்க முடியாமல் எஸ்தரின் அடுப்பு அணைந்துபோகிறது. மார்த்தாள் தன் அடுப்புத் தணலைக் கொண்டுவந்து போடுகிறாள். நாடகம் அவ்வளவுதான்.

பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டினார்கள். மார்த்தாளாகச் சிலாஸே நடித்தார். எஸ்தர் வேஷம் ஜேம்ஸ் என்ற பையனுக்கு. அவன் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. பெண்கள் மண்டபத்தின் பின்பக்கம் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்ததால் அவர்கள் காதில் விழுந்தது குழந்தைகளின் அழுகைதான். வேலைக்காரன் வேஷம் போட்ட பெருமாள் காலனி ஆள். சபையைச் சேராதவன் என்றாலும் சிரிப்புக்கு அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவன் நடிப்பைப் பார்க்க வந்த காலனிப் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வசனமும் கேட்கவில்லை. கேட்காமல் போனதைப் படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

சிலாஸ் நோட்டைத் தயங்கித்தான் கொடுத்தார். ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நோட்டைத் திறந்த ஜெயசுந்தரிக்குத் தலை சுற்றியது. ஆண்கள் கட்ட வசதியாகச் சேலையை மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்ததால் அந்த நாடகத்தை ஓரத்தில் நின்று ஆறு ஒத்திகை பார்த்தவள் அவள். அவளுக்கே புரியவில்லை. மார்த்தாள் 'மா', எஸ்தர் 'எ', மாமியார் 'மாமி'. அவசரத்தில் எழுதிய இடங்களில் மாமியும் 'மா' ஆகியிருந்தாள். 'வ.போ.' என்றால் வலது பக்கம் போக வேண்டும். 'ம.2' என்றால் திரை மாற அடிக்கும் இரண்டாவது மணி. பாட்டு வரும் இடத்தில் 'பழைய மெட்டு' என்று இருந்தது, பாட்டு இல்லை. பெருமாள் வரும் காட்சியில் ஒரே வரிதான்: 'இங்கே பெருமாள் ஏதாவது செய்வான்.'

அவள் பெருமாளைத் தேடிப் போனாள். அங்கே என்ன செய்தாய், என்ன பேசினாய் என்று கேட்டாள். அவன் சங்கடப்பட்டான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வரும், முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தால்தான் வரும் என்றான். கடைசியில் அவளுக்காகத் தன் வீட்டு வாசலில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். வீட்டுக்கு வந்து வாசித்தபோது, ஒரு மனுஷன் குடத்தைத் தூக்கினான், கீழே வைத்தான், மறுபடி தூக்கினான் என்று மட்டும் இருந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

யுத்த காலம். காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன வருஷத்து விடைத்தாள்களின் பின்பக்கத்தில் முதல் நகலை எடுத்தாள். சுருக்கமாக இருந்த பெயர்களையெல்லாம் முழுசாக எழுதினாள். நாடகப் புத்தகங்களில் இருப்பதுபோலப் பெயரை இடது ஓரத்தில் போட்டு, புள்ளிகளும் கோடும் இட்டு, பக்கத்தில் பேச்சை எழுதினாள். 'மார்த்தாள்:— என் அடுப்பில் ஏன் கை வைத்தாய்?' இப்படி எழுபது பக்கம். ஒரு மாதம் பிடித்தது.

பத்து நாள் கழித்து அன்னக்கிளி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நாடகம் ரொம்ப நல்லா இருந்தது என்றாள். ஜெயசுந்தரிக்குச் சந்தோஷம். யாரைப் பிடித்தது என்று கேட்டாள்.

"மார்த்தாதான் டீச்சரம்மா. பாவம், எம்மாம் பொறுமை அவளுக்கு. அந்த எஸ்தர் வாய் இருக்கே, அப்பப்பா."

 ஜெயசுந்தரி, அவள் திருப்பிக் கொண்டுவந்திருந்த நகலிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அன்னக்கிளி வாசித்தாள்: "மார்த்தாள், என் அடுப்பில் ஏன் கை வைத்தாய்?" அவள் குரலில் மார்த்தாளை யாரோ அதட்டினார்கள். அன்னக்கிளி அதுவரை படித்ததெல்லாம் பள்ளிப் பாடமும் கடிதமும்தான். கடிதத்தில் முதலில் வரும் பெயர் யாருக்கு எழுதுகிறோமோ அவருடையது. ஆகவே மார்த்தாள் பேசிய அத்தனை பேச்சும் மார்த்தாளைப் பார்த்து எஸ்தர் பேசியதாகிவிட்டது. எழுபது பக்கமும் தலைகீழாக ஓடியிருந்தது. எஸ்தர் கொடுமைக்காரி, மார்த்தாள் கண்ணீர் விடுகிறவள். அப்படியும் அந்தப் பெண்கள் அழுதிருக்கிறார்கள்.

அன்னக்கிளி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஜெயசுந்தரிக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. அன்று மாலை ஸ்டான்லியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது நகலை வேறு மாதிரி எடுத்தாள். பேசுகிறவர் பெயரை வரியின் நடுவில், சிவப்பு மசியில், தனியாக எழுதினாள். பேச்சை அதற்குக் கீழே கறுப்பு மசியில் எழுதினாள். யார் உள்ளே வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதை இரண்டு பக்கமும் வளைவு போட்டு, சின்ன எழுத்தில் வைத்தாள். 'வ.போ.' எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிற பெண்ணுக்கு வலது பக்கம் எதற்கு? முதல் தாளில், சிவப்பில் இருப்பது பேசுகிறவர் பெயர் என்று குறிப்பும் எழுதினாள். இப்போது யாரும் தப்பாக வாசிக்க முடியாது என்று நினைத்தாள். இந்தத் தடவை தன் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று, மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, ஜட்கா பிடித்து லாலாகுடாவுக்குப் போனாள்.

காலனியில் அன்னக்கிளி வீட்டுக்கு முன்னால் வேப்பமர நிழலில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பேன் பார்த்தாள், ஒருத்தி புளி ஆய்ந்தாள். நடுவில் அன்னக்கிளி தாளை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். மற்றவர்கள் கேட்டார்கள். அங்கே இருந்தவர்களில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் அன்னக்கிளி ஒருத்திதான். 'நாங்க படிக்கிறோம்' என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இது.

ஜெயசுந்தரி கொஞ்ச நேரம் நின்றே கேட்டாள். சிவப்பு மசியை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அன்னக்கிளி முதலில் ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டுப் பேச்சை வாசித்தாள். பேச்சு வேகமாக வந்த இடத்தில் பெயரைச் சொல்ல மூச்சு போதாமல் விட்டுவிட்டாள். அப்போதெல்லாம் நாகம்மா குறுக்கிட்டாள். நாகம்மா இரண்டு தலைமுறையாக ஐதராபாத்தில் இருக்கிற குடும்பம். அவள் தமிழில் பாதி இந்த ஊர்ப் பேச்சு. ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பாள், ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"அரே, இப்ப யாரு சொன்னது?"

"எஸ்தர்."

"ஹவ்? அவ கைக்கு அப்படிப் பேசுறா? பயந்தவன்னு சொன்னியே."

"இல்ல இல்ல, மார்த்தா. நான் வரிய விட்டுட்டேன்."

இப்படியே போயிற்று. ஒரு பக்கம் முடிந்ததும் அன்னக்கிளி தாளைத் திருப்பினாள். திருப்பிய பக்கம் ஒரு மாணவியின் போன வருஷத்து விடைத்தாள். அவள் நிறுத்தாமல் அதையும் வாசித்தாள். பசு ஒரு வீட்டு மிருகம், அதற்கு நாலு கால்கள் உண்டு. பெண்கள் அதையும் கவனமாகக் கேட்டார்கள். மாமியார் வீட்டுப் பசுவாக இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள்.

ஜெயசுந்தரி திரும்பிப் போகும்போது ஜட்கா பிடிக்கவில்லை. வெயிலில் நடந்தே போனாள். இரண்டரை மாதம் அவள் மனதில் இருந்தது மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து தாளைப் பார்க்கிற ஒரு பெண். அப்படி ஒரு பெண் லாலாகுடாவில் இல்லை. எங்கே பெயரை வைப்பது, எந்த மசி, எவ்வளவு இடம் விடுவது என்று அவள் செய்ததெல்லாம் கண்ணுக்கு. கேட்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது. தன் மேல் கோபம் வந்தது. அன்னக்கிளி மேலும் வந்தது, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று. வீட்டுக்குப் போனதும் ஸ்டான்லி என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

மூன்றாவது நகலைக் கோபத்தோடுதான் ஆரம்பித்தாள். பெயரைப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவந்தாள். "என் அடுப்பில் ஏன் கை வைத்தாய்?" என்று மார்த்தாள் கேட்டாள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமல் வைத்துவிட்டேன் அக்கா" என்றாள். கண்ணால் பார்க்காதவளுக்கும் யார் பேசினார்கள் என்று தெரிந்துவிடும். முதல் காட்சி முடிந்ததும் நடுவை விட்டுவிட்டுக் கடைசிக் காட்சிக்குத் தாவினாள். அங்கே நோட்டில் 'நெ.எ.' என்று இரண்டே எழுத்து இருந்தது. நெருப்பு எடுத்தல். சிலாஸ் அந்த இடத்தில் நடித்ததை அவள் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஐம்பது வயதுத் தலைமைக் குமாஸ்தா, அவள் தைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு பேச்சும் பேசாமல் கரண்டியில் தணலை எடுத்தார். காற்று அணைத்துவிடுமோ என்று முந்தானையால் மறைத்தார். தட்டியண்டை வந்து நின்றார். திரும்பிப் போகப் பார்த்தார், பிறகு போகாமல் உள்ளே வந்தார். ஆறு ஒத்திகையிலும் அந்த இடத்தில் அவள் கையிலிருந்த ஊசியை மறந்து பார்த்தாள். மேடையில் இருந்த அந்த மனுஷனும் வீட்டில் அதிகாரம் பண்ணுகிற மனுஷனும் ஒருவர்தானா என்று தோன்றியது. அதைப் பதினோரு வரியில் எழுதினாள். அந்தப் பதினோரு வரிக்கு மட்டும் நாலு நாள் ஆனது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சிலாஸ் வீட்டுக்கு வந்தார். நோட்டு இன்னும் திரும்பி வரவில்லையே என்று கேட்க வந்தவர், மேசைமேல் இருந்த தாள்களை எடுத்து நின்றவாக்கிலேயே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"சுந்தரி, இது என் நாடகம் இல்ல. இது கதை."

"வாசிக்கிறவங்களுக்கு மேடை தெரியாதுல்லா அத்தான். ஒருத்தி வாசிக்கா, எட்டுப் பேரு கேக்காங்க. யாரு பேசுதான்னு சொல்லாண்டாமா?"

"மேடை தெரியாதவங்க எதுக்கு நாடகம் வாசிக்கணும்?"

 அவர் கடைசித் தாள்களைப் புரட்டினார்.

"இந்த எடத்துல நான் ஒரு வார்த்த எழுதல. நீ பதினோரு வரி எழுதியிருக்க."

"நீங்க எழுதல அத்தான். செஞ்சீங்க. அதத்தான் எழுதியிருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. அந்த நடிப்பைப் பார்த்துத் தான் ஊசியை மறந்து நின்றதைச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். சொல்லியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவர், பெண்டுகள் புளி ஆய்ந்துகொண்டு கேட்பதற்காகத் தான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.  ஸ்டான்லி அந்த அறையிலேயே இருந்தார். தினசரியை விரித்துப் பிடித்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல் இருந்தார்.

ஆகஸ்டில் 'இரண்டு அடுப்பு' மதராஸிலிருந்து அச்சாகி வந்தது. அந்தக் காகிதப் பஞ்சத்தில் சிலாஸ் எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டார். முதல் பக்கத்தில் அவர் படம். பிறகு போதகரின் முகவுரை. பிறகு நடிகர்கள் பெயர். அதற்கப்புறம் மா, எ, வ.போ., ம.2, எல்லாம் நோட்டில் இருந்தபடியே. காகிதத்தை மிச்சம் பிடிக்க அச்சகத்தார் பேச்சுகளைத் தனித்தனி வரியாகப் பிரிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டிருந்தார்கள். பெருமாள் ஏதாவது செய்வான் என்பதும் அப்படியே அச்சாகியிருந்தது. கோயிலில் எல்லாருக்கும் ஒரு பிரதி கிடைத்தது. நடிகர் பட்டியலில் தங்கள் வீட்டு ஆள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள், மூடி வைத்தார்கள். ஒருவரும் வாசித்ததாக ஜெயசுந்தரி கேள்விப்படவில்லை.

அவள் வாசித்தாள். ஆசிரியர் நன்றியுரையின் கடைசி வரி: 'கையெழுத்துப் பிரதியை நகல் செய்து உதவிய என் தம்பி ஸ்டான்லிக்கும் என் நன்றி.'

ஸ்டான்லி பதறிப்போய், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அது அவளுக்கும் தெரியும். அண்ணனிடம் போய் இது தப்பு என்று சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்லப் போகிறேன், சொல்லப் போகிறேன் என்று அந்த மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது நகலை அவள் விட்டுவிடவில்லை. நோட்டு போனாலும் இரண்டாவது நகல் காலனியில் இருந்தது. அதை வாங்கி வந்து, பாக்கியிருந்த நடுக் காட்சிகளைப் பள்ளி விட்டு வந்ததும் தினமும் விளக்கேற்றும் நேரம் வரை எழுதினாள். செப்டம்பர் கடைசியில் முடித்து, விடைத்தாள் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, தைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் அன்னக்கிளி அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தாள். ஒரு இடத்தில்கூட யாரும் குறுக்கிடவில்லை. தணல் வரும் இடத்தில் பேன் பார்த்த கை நின்றது. பெருமாளின் குடத்துக்கு மட்டும் இந்தத் தடவையும் ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் நாகம்மா, நெருப்புக் கொண்டுவந்தது சரி, ஆனால் மார்த்தாள் பேசின பேச்சுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவே இல்லையே என்றாள். அதெல்லாம் கேட்டது மாதிரிதான் என்றாள் இன்னொருத்தி. நக்கோ, வாயால் கேட்கணும் என்றாள் நாகம்மா. அந்தப் பேச்சு முடிவதற்குள், யுத்தத்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய பட்டறையின் சங்கு ஊதியது, எல்லாரும் எழுந்து போனார்கள். நகல் நன்றாக இருந்தது என்று யாரும் ஜெயசுந்தரியிடம் சொல்லவில்லை. நகல் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. நன்றாகச் செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். முழுசாகத் தேறவில்லை.

டிசம்பரில் அய்யாக்கண்ணுவுக்குக் காஜிப்பேட்டைக்கு மாற்றலாயிற்று. அன்னக்கிளி போகும்போது நகலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்காக எழுதியதுதான், திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் முழுசாக இருந்தது அது ஒன்றுதான். முதல் நகலை எப்போதோ அவளே கிழித்துப் போட்டிருந்தாள். மூன்றாவதை எழுதும்போது இரண்டாவதன் தாள்களையே கத்தரித்து ஒட்டிப் பாதி தீர்ந்துபோயிருந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் ஜெயசுந்தரி கடிதம் எழுதிக் கேட்டாள். ஒரு வாரத்தில் கார்டு வந்தது.

டீச்சரம்மாவுக்கு அன்னக்கிளி வணக்கம், இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பித்திருந்தாள். காஜிப்பேட்டைக் காலனியில் தமிழ்ப் பெண்கள் பதினாலு பேர். வாசித்துக் காட்டியது எல்லாருக்கும் பிடித்துப்போய், நாமே போட்டால் என்ன என்று பொங்கலன்று குவார்ட்டர்ஸ் பின்னால், பெண்கள் மட்டும் பார்க்க, நாடகம் போட்டுவிட்டார்கள். 'அதுக்காக உங்க தாளை ஆளுக்கு ஆள் பாகமா வெட்டிக்கிட்டோம். என்றாள் என்றாள்னு வர்ற எடத்தெல்லாம் அடிச்சிட்டோம், பேசறப்ப நாக்குல தடுக்குது. கோவிச்சுக்காதீங்க.'

ஜெயசுந்தரி கார்டை மூன்று தடவை வாசித்தாள். பிறகு ஸ்டான்லியிடம் நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, நல்லதுதானே என்றார்.

"நல்லதா? ஒவ்வொரு என்றாளையும் ஒக்காந்து எழுதினது நானு."

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

வெட்டிய துண்டுகளையாவது அனுப்பச் சொல்லி எழுதினாள். ஏப்ரலில் ஒரு பழுப்புக் கவரில் வந்தன. எஸ்தர், மாமியார், வேலைக்காரன், இரண்டு புருஷன்மார். எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் படிந்து, அடித்தல் திருத்தலோடு இருந்தன. வேலைக்காரன் துண்டில் அவள் எழுதிய குடம் முழுசாக அடிக்கப்பட்டு, ஓரத்தில் வேறு யாரோ பென்சிலால் ஒரு முறம் என்று எழுதியிருந்தார்கள். மார்த்தாள் இல்லை. மார்த்தாளாக நடித்தவள் புருஷனுக்குப் பெஜவாடாவுக்கு மாற்றலாகி, அவள் தன் பாகத்தோடு போய்விட்டாளாம்.

அந்த வருஷம் சிலாஸ் புது நாடகம் எழுதிவிட்டு, நகல் எடுத்துத் தர முடியுமா என்று தம்பி மூலம் கேட்டனுப்பினார். சேலை தைத்துத் தருகிறேன், நகல் எடுக்க மாட்டேன் என்று ஜெயசுந்தரி சொல்லியனுப்பினாள். அதற்குப் பிறகு எந்த வருஷமும் எடுக்கவில்லை.

நாற்பத்தெட்டு செப்டம்பரில் ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்த்துக்கொள்ள இந்தியப் பட்டாளம் ஊருக்குள் வந்தபோது பள்ளிக்கூடம் பத்து நாள் மூடிக் கிடந்தது. வெளியே போக வேண்டாம் என்று ஸ்டான்லி சொன்னதால் அவள் வீட்டிலேயே இருந்தாள். கை சும்மா இருக்கவில்லை. துண்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள். காணாமல் போன மார்த்தாளின் பேச்சுக்குச் சிலாஸின் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது மார்த்தாள், எது மாமியார் என்று பென்சிலால் பிரித்தாள். முதல் காட்சி முடிந்தது. இரண்டாவதில் ஒரு பேச்சு இருவரில் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. சிலாஸிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவர் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அவள் போகவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டு மேலே எழுதினாள், மனசு ஒப்பவில்லை, கிழித்தாள். மறுபடி எழுதினாள். மூன்றாம் காட்சி பாதியில் இருக்கும்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சை தள்ளிப்போனதால் விடைத்தாள் கட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. அவள் துண்டுகளைக் கவருக்குள் போட்டு, மேசையைக் காலி செய்து திருத்த உட்கார்ந்தாள்.